ஞானத்தின் மெழுகுவர்த்திகளோடு மெர்சிங்குக்கு

நவம்பர் முதல் தேதி காலை ஆறு மணிக்கு மலாயாவில் சிம்பாங் ரெங்கம் சந்தியில் பஸ்ஸுக்காக நின்றோம். நான், என் மனைவி ஞானம், எட்டு வயது மகள் செசிலி. கூடவே ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு தலையணை மூட்டை, வாழையிலையில் கட்டிய புளிச்சோறு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு வருடம் அது. வருடம் சரியாக நினைவில்லை, தேதி மட்டும் மறக்காது.

அப்போது நான் சந்தியிலிருந்து இரண்டு மைல் உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸராக இருந்தேன். காயத்துக்குக் கட்டுப் போடுவதும் காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பதும் என் வேலை. ஊசி பிடிக்கத் தெரிந்தவனுக்கு உலகத்தில் எல்லாம் தெரியும் என்று தொழிலாளர் லயத்து ஜனங்கள் நம்பினார்கள். நானும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். இந்தப் பயணத்தை முழுக்க முழுக்கத் திட்டமிட்டவன் நானே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் ஞானத்தைக் குறை சொல்லக் கூடாது.

மெர்சிங்கைப் பற்றித் தோட்டத்தில் எல்லாரும் பேசுவார்கள். துரைமார் குடும்பத்தோடு போய்த் தங்குகிற கடற்கரை, வெள்ளை மணல், எட்ட எட்டத் தீவுகள், குன்றின் மேல் அரசாங்க ரெஸ்ட் ஹவுஸ். எங்கள் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்ததால் எங்களுக்கும் அங்கே ஓர் அறை கிடைத்தது. நாளுக்கு ஒன்றரை வெள்ளி, சாப்பாடு தனி.

ஆனால் நாங்கள் கடற்காற்று வாங்க மட்டும் புறப்படவில்லை. கல்யாணமான புதிதில் ஞானத்தையும் அவள் அம்மாவையும் நாகப்பட்டினத்தில் கப்பலேற்றி அழைத்து வந்தேன். மூன்றாம் நாள் மாமிக்குக் காய்ச்சல் கண்டது. நான்காம் நாள் காலையில் ஒரு கித்தான் துணியில் சுற்றி, கடலில் இறக்கினார்கள். பினாங்கு இன்னும் கண்ணில் படவே இல்லை. அன்றிலிருந்து ஞானத்துக்குக் கடல் ஆகாது. ஒரு முறை சிங்கப்பூருக்கு ரயிலில் போனபோது, தண்ணீரைத் தாண்டி முடிக்கும்வரை ஜன்னல் பலகையை இறக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கல்லறைத் திருநாள் வந்தால் அவள் படும் பாடு எனக்குத் தெரியும். நவம்பர் இரண்டாம் தேதி எங்கள் ஜனங்கள் எல்லாரும் அவரவர் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். இவளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு ஒரு கல்லறை கிடையாது. கல்லறைத் தோட்டத்து நடுவிலுள்ள பெரிய சிலுவையின் அடியில், நாதியற்றவர்களுக்காக ஏற்றுகிறவர்களோடு நின்று ஏற்றிவிட்டு வருவாள். “அம்மா இருக்கிற எடத்துல ஒரே ஒரு தடவ ஏத்திட்டா போதும்” என்று ஒரு வருடம் சொன்னாள். அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். உன்னை அம்மாவின் கடலுக்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஆறு மெழுகுவர்த்திகள் இருந்தன.

குளுவாங் பதினாறு மைல். ஏழு மணிக்குள் போய்விட்டோம். ஸ்டேஷன் எதிரில் ஒரு காப்பிக் கடையில் ரொட்டியும் காப்பியும் சாப்பிட்டோம். எட்டு மணிக்கு மெர்சிங் பஸ். ஆளுக்கு ஒரு வெள்ளி இருபது காசு, செசிலிக்குப் பாதி. பஸ் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அது ஒரு லாரி, பக்கவாட்டில் பலகை அடித்து மேலே கூரை போட்டிருந்தார்கள். கூரைமேல் கோழிக்கூடைகளும் ஒரு தையல் மெஷினும் ஏறின. டிரைவர் மலாய்க்காரர், நல்ல மனிதர். செசிலியைப் பார்த்துவிட்டு முன் இருக்கையில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

குளுவாங்கிலிருந்து மெர்சிங் ஐம்பத்தாறு மைல். காஹாங் வரை ரப்பர், அதற்கப்புறம் காடு. இரண்டு பக்கமும் மரங்கள் ரோட்டுக்கு மேலே கைகோத்துக்கொண்டு நின்றன. ஒரு வளைவில் டிரைவர் வண்டியை நிறுத்தி ஈரமான யானைச் சாணத்தைக் காட்டினார். போன வாரம் இந்த இடத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்ததாகவும், யானைக்கு ஹாரன் அடித்தால் பிடிக்காதென்றும் சொன்னார். செசிலி அதற்கப்புறம் மெர்சிங் வரும்வரை யாரையும் ஹாரன் அடிக்க விடவில்லை. அந்தப் பாதையில் பிறகு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், மோட்டார் காரில்கூட. அந்த முதல் தடவை மூக்கில் ஏறிய ஈர மண் வாசனை திரும்பக் கிடைக்கவே இல்லை. வயதானதாலா, காடு குறைந்ததாலா என்று தெரியவில்லை.

ஜெமாலுவாங்கில் கால் மணி நேரம் நிறுத்தினார்கள். புளிச்சோற்றைப் பிரித்தோம். பதினொன்றரைக்கு மெர்சிங்.

ரெஸ்ட் ஹவுஸை நடத்தியவர் ஹைனானிலிருந்து வந்த சீனர், ஐம்பது வயதிருக்கும். சமையலும் அவரே. வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, டாக்டரின் கடிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் படித்துவிட்டு, கடலைப் பார்த்த நல்ல அறையாகவே கொடுத்தார். எங்களுக்குள் மலாய்தான் பாஷை. எனக்கும் அரைகுறை, அவருக்கும் அரைகுறை, அதனால் சண்டை வரவில்லை.

அன்று மாலை செசிலியும் நானும் மணலில் இறங்கினோம். ஞானம் வரவில்லை. வராந்தாவில் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு பாவாடைக்குக் கரை தைத்தாள். நாளைக்குத்தான் இறங்குவேன், அதுவும் ஏற்றுவதற்கு மட்டும்தான் என்றாள். அவ்வளவு தூரம் வந்து கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தவளைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

இரண்டாம் தேதி காலை ஆறரை மணி. செசிலி என்னை இழுத்துக்கொண்டு போனாள். தீவுகளுக்கு நடுவே சூரியன் தண்ணீரிலிருந்து எழுந்தது. சிறுவயதில் நாகப்பட்டினத்துக் கரையில் பார்த்த அதே உதயம். நான் அங்கே பிறந்தவன். எனக்குச் சூரியன் எழும் பக்கம் கடல், விழும் பக்கம் வயல். மாற்றிச் சொன்னால் என் கை எது கால் எது என்றே எனக்குத் தெரியாது. பார்த்தாயா, நம் ஊர்க் கடல் என்று செசிலியிடம் பெருமையாகச் சொன்னேன்.

ரெஸ்ட் ஹவுஸ்காரர் வாளியோடு வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். அவரும் கடலையே பார்த்தார். தினமும் காலையில் ஒரு முறை இங்கே வந்து நிற்பாராம். கையை நேரே நீட்டி, தம் ஊர் அந்தப் பக்கம் இருக்கிறது, மனைவியும் மகனும் அங்கேதான், பதினான்கு வருடமாயிற்று என்றார். இது சீனாக் கடல், இதன் வழியாகத்தான் வந்தேன் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு மீன் வாங்கப் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் ஏறிய கப்பல் உதயத்தைப் பார்த்து வந்தது. அப்படியானால் நாகப்பட்டினம் எங்களுக்குப் பின்னால், அஸ்தமிக்கிற பக்கத்தில் அல்லவா இருக்க வேண்டும்? நடுவில் இந்த மலாயா முழுவதும் கிடக்கிறது. மாமியை இறக்கிய கடல் மேற்கே. நான் என் மனைவியைக் கிழக்கே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறேன். மணலில் குச்சியால் படம் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் நான் முட்டாளாகவே வந்தேன்.

அன்று பகல் முழுக்க அதை அவளிடம் சொல்லவில்லை. மத்தியானம் கோழி வறுவலும் உருளைக்கிழங்கும் வந்தன, ஆளுக்கு அறுபது காசு. நான் தொடவில்லை. ஞானம் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, கொண்டு வந்த கொயினாவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். சொல்லாமலே விட்டுவிடலாம், அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது என்றுகூட நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை.

மாலை ஐந்தரை மணிக்கு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு இறங்கினாள். பத்து வருடத்தில் முதல் தடவையாகக் கடலை நேராகப் பார்த்தாள். மணலில் ஆறு மெழுகுவர்த்திகளை ஊன்றினாள். தீக்குச்சி கிழித்தாள். காற்று அணைத்தது. இன்னொன்று கிழித்தாள், அதுவும் அணைந்தது. ஐந்தாவது குச்சிக்கு அவள் கண்ணில் நீர் கட்டிவிட்டது. “அம்மாவுக்கு என் மேல கோவமா?” என்று கேட்டாள்.

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

“ஞானம், இது அந்தக் கடல் இல்ல.”

அவள் தீப்பெட்டியோடு நிமிர்ந்தாள்.

“இது சீனாக் கடல். அம்மா இருக்கிறது மேக்கால. நான்தான் தப்பாக் கூட்டிட்டு வந்துட்டேன்.”

“மேக்கால எங்க?”

ரெஸ்ட் ஹவுஸுக்கும் தென்னை மரங்களுக்கும் அப்பால், நாங்கள் வந்த ரோட்டைக் காட்டினேன். “மேக்குக் கரையில பத்து பஹாட் ஊரு இருக்கில்ல, அங்க உள்ள தண்ணிதான் வடக்கால போயி நம்ம கடலோட சேருது.”

“பத்து பஹாட் நம்ம வீட்டுலேருந்து முப்பது மைலுதானே?”

“ஆமா.”

அவள் கணக்குப் போடுவது தெரிந்தது. எனக்கு விழப்போகும் திட்டுக்காகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அப்ப அம்மா இத்தன வருசமா நம்ம வீட்டுக்குப் பின்னாலயா இருந்தாங்க?” என்றாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பானது. செசிலி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மெழுகுவர்த்திகளைப் பிடுங்கி மணலைத் தட்டிவிட்டு ஞானம் விடுவிடு என்று மேலே ஏறினாள். வராந்தாவைத் தாண்டி, அறையைத் தாண்டி, சமையல்கட்டுக்குப் பின்னால் போனாள். அங்கே கோழிக்கூடும் கரிமூட்டையும் கிடந்தன. அங்கிருந்து பார்த்தால் ரோடும் காடும் மறைகிற சூரியனும்தான் தெரியும். பின்வாசல் படியில் ஆறையும் வரிசையாக நிறுத்தி ஏற்றினாள். கட்டடம் கடற்காற்றை மறித்துக்கொண்டு நின்றதால் ஆறும் அசையாமல் எரிந்தன. மூன்று பேரும் மேற்கே பார்த்து முழங்காலிட்டுச் செபமாலை சொன்னோம். கடலைப் பார்க்க வந்தவர்கள் கோழிக்கூட்டின் முன்னால் ஏன் முழங்காலிடுகிறார்கள் என்று ரெஸ்ட் ஹவுஸ்காரருக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் கூட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, மெழுகு முழுவதும் உருகி முடியும்வரை சமையல்கட்டுக் கதவைத் திறக்காமல் இருந்தார்.

மூன்றாம் தேதி. பஸ் பத்து மணிக்கு. ஏழு மணிக்கு நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அறையில் யாரும் இல்லை. வராந்தாவுக்கு வந்து பார்த்தேன். ஞானம் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் நின்றாள். செசிலி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு அலை வந்து இரண்டு பேரையும் உட்காரவைத்தது. எழுந்தார்கள். ஞானம் இன்னும் இரண்டு அடி உள்ளே போனாள். பிறகு தலையை முக்கி எழுந்து ஓவென்று கூவினாள்.

கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அவள் அப்படி வாய்விட்டுக் கூவியதை நான் கேட்டதில்லை. நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். பயமாயில்லையா என்று கேட்டேன்.

“இந்தக் கடல் எனக்கு என்ன செஞ்சுச்சு?” என்றாள்.

அதற்கப்புறம் அங்கே நாங்கள் நாலு வருடம் போனோம். அதன்பின் யுத்தம் வந்தது. அந்தக் கரை முழுக்க முள்கம்பி போட்டார்கள். அந்த ரெஸ்ட் ஹவுஸ்காரர் என்ன ஆனாரோ, தம் ஊருக்குப் போய்ச் சேர்ந்தாரோ தெரியாது. அவரை நினைக்காமல் ஒரு நவம்பர் போவதில்லை.

அன்று பத்து மணிக்குப் பஸ் வந்தது. அதே டிரைவர். ஞானம் கடல் பக்கத்து ஓர இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஈரத் தலையை ஜன்னலில் காயவைத்துக்கொண்டே வந்தாள். காடு வந்து கடல் மறைந்தபோது என் பக்கம் திரும்பினாள்.

“அடுத்த வருசமும் இங்கயே வரலாங்க.”

அப்படியானால் மெழுகுவர்த்தி பத்து பஹாட்டில் வேண்டாமா என்று கேட்டேன்.

“அதுக்கு மொதல்ல அங்க போயிட்டு வந்துடுவோம். அது அம்மா கடலு, அங்க நாம குளிக்க முடியாது. இங்க செசிலிய நான் கையப் பிடிச்சு எறக்கணும்.”