காட்டுக் குதிரைகளுக்காகக் கொடி பிடித்த காலம்

துண்டுப்பிரசுரம் கொடுப்பவனுக்கு ஓய்வூதியம் கிடையாது. கத்திய தொண்டைக்கு இஞ்சித் தேநீர்தான் மிச்சம். ரொறொன்ரோக் குளிரில் பதாகை பிடித்துக் கை விறைத்த உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. ஊரிலும் இங்கேயுமாக நான் நின்ற போராட்டம் எதுவும் வென்றதில்லை. ஒன்றையாவது வென்றுவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்ற பிடிவாதத்தில் குதிரைகளைக் கையிலெடுத்தேன்.

நகரத்துக்கு வடக்கே ஒரு சிற்றூர். கோடை முடிவில் அங்கே திருவிழா. மேற்கிலிருந்து லொறியில் வந்த, சேணமே கண்டிராத காட்டுக் குதிரைகளை வேலி வளைப்புக்குள் அவிழ்த்து விடுவார்கள். மும்மூன்று பேராகப் பாய்ந்து ஒன்றைப் பிடித்து, காதை முறுக்கி, சேணம் கட்டி, ஒருவன் ஏறி ஓட்ட வேண்டும். பாட்டன் காலத்து வழக்கமாம். அதை நிறுத்தத்தான் நாங்கள் புறப்பட்டோம்.

பிளாசா வாசல்

முதலில் ஸ்காபரோவில், நம் தமிழ்க் கடைகள் வரிசையாக உள்ள பிளாசா வாசலில் ஆள் சேர்த்தேன். அரிசி மூட்டையோடு கடையிலிருந்து வந்த ஒருவர் என் பிரசுரத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஊரில மாட்டுவண்டிச் சவாரிக்கு விசிலடிச்ச சனம் நாங்கள். நாங்கள் மாட்டுக்கு அடிச்சா பண்பாடு, வெள்ளைக்காரன் குதிரையின்ர காதை முறுக்கினா கொடுமையோ?"

அதுவும் கொடுமைதான், அதற்கு எதிராகவும் ஊரில் பிரசுரம் எழுதி அடி வாங்கியவன் நான் என்றேன். அவர் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"அப்ப வாங்கின அடி காணாதெண்டோ அண்ணை, இஞ்ச வந்தனீங்கள்?"

விளக்கேற்றல்

முதல் வருடம் வான் வண்டி நிறைய ஆட்கள். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற செல்வம்தான் சாரதி. மீன் ரோல்ஸ், பிளாஸ்க்கில் தேநீர், வழி முழுக்கப் பழைய கோஷங்கள். அப்படியொரு பயணம் இனி வராது.

திருவிழா வாசலில் நம் முறைப்படி தொடங்கினோம்: குத்துவிளக்கு, மௌன வணக்கம், வரவேற்புரை, தலைமையுரை. காற்று விளக்கை அணைக்க, ஜாக்கெட்டுகளை விரித்து மறைத்துத் திரும்ப ஏற்றினோம். தலைமையுரை என்னுடையது. அதில் ஒரு வரியையும் நான் விடவில்லை. கோஷத்துக்கு வாய் திறந்தபோது சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. ஓட்டம் முடிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பண்ணைக்காரப் பெண்மணி, அருகே வந்து ஆங்கிலத்தில் சொன்னார்:

"குதிரைகளை ஆசீர்வதிக்க இவ்வளவு தூரம் வந்தீர்களே, மிகவும் நன்றி."

மழையில் இருவர்

பிறகு வான் காலியாகத் தொடங்கியது. ஒருவருக்குக் கோயில் தேர், ஒருவருக்கு முழங்கால். கடைசியில் செல்வமும் நானும்தான். ஒரு மழை நாளில், குதிரை ஓட்டத்தை நடத்தும் கிழவரே எங்களுக்குக் கோப்பி கொண்டுவந்தார். "இந்த ஓட்டம் இல்லாவிட்டால் இவற்றுக்கு யார் தீனி போடுவார்கள்? நேரே இறைச்சிக்குத்தான்" என்றார்.

"அவை பயத்தில் கண்ணை உருட்டுவதை ஒரு தடவை கிட்ட நின்று பாருங்கள்" என்றேன். அவர் கோப்பியை நான் தொடவில்லை. செல்வம் இரண்டையும் குடித்தான்.

"கொள்கை உங்களுக்கு இருக்கட்டும் அண்ணை, எனக்குக் குளிருது."

வெற்றி

போன கோடையில் வளைப்பு வெறுமையாக இருந்தது. கிழவர் வேலியில் சாய்ந்து நின்றார். பிடிக்க வருபவர்களுக்கு விலா முறிந்தபடியால் காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிட்டதாம். "நீங்கள் சொன்னபடி கிட்டப் போயும் பார்த்தேன். அதன் பிறகு காப்புறுதிக்காரரோடு வாதாட எனக்கும் மனம் வரவில்லை" என்றார்.

நான் வேலியை இறுகப் பிடித்துக்கொண்டேன். நின்ற மழை, தின்ற ரோல்ஸ், வராமல் போனவர்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. பிறகுதான் குதிரைகள் எங்கே என்று கேட்டேன். இன்னும் வடக்கே ஒரு ஊர் தன் திருவிழாவுக்குக் கேட்டு வாங்கிவிட்டதாம். செல்வம் சாவியை எடுத்தான்.

"நிண்டு யோசியுங்கோ அண்ணை, நான் வானுக்குக் காஸ் அடிச்சிட்டு வாறன்."

எங்கள் தொழிலில் வெற்றி என்றால், அடுத்த ஆர்ப்பாட்டத்துக்கு ஓட வேண்டிய தூரம் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று பொருள்.