தம்பியிடம் இருந்த சாவி

முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுத் தெருக்கதவின் பூட்டு, அப்பாவின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து வீடு கட்டியபோது வைத்தது. கதவுப் பலகைக்குள்ளேயே புதைந்திருக்கும் இரும்புப் பெட்டி. அதற்கு இரண்டு சாவிகள். ஒன்று என்னிடம், மற்றது மூலக்குளத்தில் குடியிருக்கும் தம்பியிடம்.

அம்மா இடுப்பு ஒடிந்து படுத்த படுக்கையான பிறகு, வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டுதான் போவேன். நடுவில் ஏதாவது என்றால் திறக்க ஓர் ஆள் வேண்டுமே என்று நானே கூப்பிட்டுக் கொடுத்த சாவி அது. அப்போது அவன் இவ்வளவு குடிக்கவில்லை.

முதலில் செம்பு அண்டா காணாமல் போனது. அப்புறம் மிக்ஸி. "தம்பி வந்தானா?" என்று கேட்டால் அம்மா, "நான் தூங்கிட்டேன்" என்பாள். கடைசியில் ஒருநாள், அம்மாவுக்கு மூச்சு இழுத்தால் மருந்து வைக்கிற மெஷினும் போய்விட்டது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. செருப்பைக் கழற்றாமல் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

புதுப் பூட்டு போடக் கதவை வெட்ட வேண்டும் என்று தச்சர் சொன்னார். பூட்டுக்காரரோ, "கழட்டி எடுத்துக்கினு வாங்க, உள்ள இருக்கறத மாத்தித் தர்றேன்" என்றார். ஒரு சனிக்கிழமை லீவு போட்டேன். திருகுகள் துருவில் இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெய் விட்டு, காத்திருந்து, கை தோல் உரிந்த பிறகுதான் நகர்ந்தன. எதிர்வீட்டு அக்காவைக் கதவருகில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, பூட்டைத் துணிப்பையில் போட்டு ஸ்கூட்டரில் கொண்டுபோனேன்.

பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு சந்தில் பூட்டுக்காரருக்குக் கடை. மூடித் தகட்டைக் கழற்றினார். உள்ளே கறுத்துப்போன எண்ணெய்ப் பிசுக்கு, செத்த கரப்பான், ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் மெல்லிய ஸ்பிரிங். சாவியின் பல் ஒவ்வொரு தகட்டையும் அதற்கென்று உள்ள உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகருமாம். ஊக்கால் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, இரண்டாவதை நான்காவது இடத்திலும் நான்காவதை இரண்டாவது இடத்திலும் வைத்தார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா. இனிமே பழைய சாவி உள்ள போவும், சுத்தாது."

அந்த வரிசைக்கு ஏற்ப இரண்டு புதுச் சாவிகளை அரத்தால் ராவ ஆரம்பித்தார். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே நான் தூங்கிப்போனேன். அவர்தான் எழுப்பினார்.

வீட்டில் அம்மாவிடம், "பூட்டு இறுகிப்போச்சு, ரிப்பேர் பண்ணேன்" என்றேன். அவள் என் கையிலிருந்த புதுச் சாவிகளையே பார்த்தாள்.

புதன்கிழமை மத்தியானம் ஆபீசில் இருக்கும்போது தம்பி போன் செய்தான். "அக்கா, பூட்டு துருப்புடிச்சிப் போச்சுக்கா. சாவி உள்ள போவுது, சுத்த மாட்டேங்குது. அம்மா உள்ள மாட்டிக்கினு கெடக்குறாங்க. நீ கவலப்படாத, நான் எண்ண விட்டுப் பாக்கறேன்."

"இரு, வர்றேன்" என்று போனை வைத்தேன். பெர்மிஷன் கேட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நான் போனபோது அவன் கதவின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் தேங்காயெண்ணெய் பாட்டில் பாதி காலி. சாவித்துவாரத்திலிருந்து எண்ணெய் கோடாக வழிந்து படி வரைக்கும் வந்திருந்தது. "தோ அக்கா வந்துருச்சும்மா, பயப்படாத" என்று ஜன்னல் பக்கம் பார்த்துக் கத்தினான். அன்றைக்கு அவன் குடித்திருக்கவில்லை.

என் சாவியைப் போட்டேன். எண்ணெயில் வழுக்கிக்கொண்டு ஒரே சுற்றில் திறந்தது.

அவன் என் கையில் இருந்ததைப் பார்த்தான். பிறகு தன் கையில் இருந்ததைப் பார்த்தான்.

"மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்."

"சொல்லியிருக்கலாம்ல."

"நீ மெஷின எடுத்தப்ப சொன்னியா?"

அவன் உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்தான். "சாப்ட்டியாடா?" என்று அம்மா கேட்டாள். தலையாட்டினான். சாப்பிடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. மீந்திருந்த சோற்றில் குழம்பை ஊற்றிக் கொடுத்தேன். தலை நிமிராமல் தின்றுவிட்டு, பழைய சாவியை டிவி மேல் வைத்துவிட்டுப் போனான்.

அவன் போன பிறகுதான் எனக்குத் தோன்றியது. கட்டிலிலிருந்து ஜன்னல் நாலடி தூரம். ஒரு மணி நேரமாக அவன் அங்கே எண்ணெய் விட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"உனக்குத் தெரியும்தானம்மா? அவங்கிட்ட நீயாவது சொல்லியிருக்கலாமே."

"நான் எப்டிடி சொல்றது?" என்றாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மெஷின் திரும்பி வரவில்லை. வேறு வாங்கினேன். இரண்டாவது சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். மத்தியானம் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். தம்பி இப்போது ஞாயிற்றுக்கிழமை, நான் இருக்கும்போது மட்டும் வருகிறான். சில வாரம் தெளிவாக, சில வாரம் தள்ளாடிக்கொண்டு. வாரத்தில் அன்றைக்கு ஒருநாள்தான் சாப்பிட்டு முடித்து நான் கொஞ்சம் படுப்பது. கண் செருகும் நேரத்தில் கதவைத் தட்டுவான். எழுந்து போய்த் திறந்துவிடுவேன்.