மீன் படம் போட்டு நடத்திய ஆங்கில வகுப்பு

திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் கண்டெய்னர் யார்டு ஆபீசில், எங்கள் ஆங்கிலத்தைச் சரிசெய்ய ஒரு பயிற்சியாளரைக் கொண்டுவந்தார்கள். சனிக்கிழமை மதியங்களில் நகரத்தின் தெற்குப் பக்கத்திலிருந்து காரில் வருவார். எங்கள் கடற்கரைப் பக்கத்து மீன் வாடைக்காக, இறங்கும்போதே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வார். மாடி அறைக் கதவைச் சாத்திய பிறகுதான் எடுப்பார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

முதல் வகுப்பில் பலகையில் ஒரு மீன் வரைந்தார். தலை ப்ரிஃபிக்ஸ், நடுத்துண்டு ரூட், வால் சஃபிக்ஸ்.

"உங்க ஏரியாவுக்கு இப்படிச் சொன்னாத்தான் புரியும்," என்றார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொருக்குப்பேட்டைப் பெண்ணுக்கு மீன் வாடையே ஆகாது. பில்லிங்கில் என்னோடு வேலை செய்பவள். ரிசப்ஷன் வேலை காலியாகப் போகிறது என்று கேள்விப்பட்டு, அதற்காகவே ஆசையாக வகுப்புக்கு வந்தவள். முகத்தைச் சுளித்துக்கொண்டே அந்த மீனையும் வரைந்துகொண்டாள்.

'அன்' என்றால் இல்லை என்று அர்த்தமாம். ஹாப்பி, அன்ஹாப்பி. லக்கி, அன்லக்கி. கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்களெல்லாம் எல்கேஜி குழந்தைகள்போலக் கூடவே கத்தினோம். அவள் கையைத் தூக்கினாள்.

"சார், அங்கிள்னு எழுதினாலும் மொதல்ல யூ, என்தானே வருது? அப்ப அங்கிள்னா இன்னா இல்லாதவரு?"

யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. முன்னால் இருக்கும் எழுத்துகளை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு சொல்லாக நிற்கிறதா பார், நிற்காவிட்டால் அது ப்ரிஃபிக்ஸ் இல்லை என்று சொல்லியிருந்தால் போதும். அவருக்கு அது தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனசு வரவில்லை.

"முதல்ல இந்த 'இன்னா', 'கீது' எல்லாத்தையும் வாயிலேர்ந்து கழுவிட்டு வாம்மா. அப்புறம் இங்கிலீஷ்ல சந்தேகம் கேக்கலாம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றேன்.

"சார், வந்துகினு, போய்கினுன்னு சொல்றோமே, அந்த 'கினு'வும் சஃபிக்ஸ்தானே? நீங்க கமிங், கோயிங்னு சொன்னீங்களே, அந்த 'இங்' மாதிரி?"

"அது கொச்சை. அதுக்கெல்லாம் கிராமர் கிடையாது."

ஒவ்வொரு வினைச்சொல்லுக்குப் பின்னாலும் ஒழுங்காக வந்து ஒட்டிக்கொள்ளும் ஒரு துண்டு கண்ணுக்கெதிரே இருக்கிறது. அதைப் பார்க்கத் தெரியாத மனிதர் எங்களுக்கு வேர்ச்சொல் நடத்த வந்திருக்கிறார். நான் உட்கார்ந்துவிட்டேன். இவரோடு வாதாடுவதே கேவலமாக இருந்தது.

சாயங்காலம் பஸ் வருவதற்குள் அவளே போனில் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அக்கா, அங்கிள் லத்தீன்லேர்ந்து வந்துதாம். அம்மா கூடப் பொறந்தவரத்தான் அப்டி சொல்வாங்களாம். நம்ம மாமுதான்க்கா அது."

பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே சத்தமாகச் சிரித்தோம்.

ரிசப்ஷன் வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. அவளுக்குப் பேச வராது என்று பயிற்சியாளர் மேனேஜரிடம் சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டு அவள் அழவில்லை. மறுமாதமே பாரிமுனையில், துறைமுகத்திலிருந்து சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் சேர்ந்துகொண்டாள். லாரிக்காரர்களிடம் நம்ம பாஷையிலும், கப்பல் கம்பெனிக்காரர்களிடம் இங்கிலீஷிலும் நாள் முழுக்க போனில் பேசுகிறாள். வேலை பெண்டு நிமிர்த்துகிறதாம். குரலில் சந்தோஷம் தெரிகிறது.

நான் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அவர் மட்டும் இன்னும் வருகிறார். மேனேஜருக்கு அவர் பேசுவதில் பாதி புரிவதில்லை. அதனாலேயே பெரிய படிப்பாளி என்று நம்புகிறார். அடுத்த வருஷத்துக்கும் அவரையே பேசி முடித்திருக்கிறார்கள்.