குணசுந்தரி மேடம் என்னிடம் பேச வந்த செவ்வாய்க்கிழமை

புதன்கிழமை காலை கடைக்குக் கிளம்ப வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சாந்தி போன் செய்தாள். "அண்ணா, நம்ம மேடம் தவறிட்டாங்கண்ணா." நான் அவளைத் திட்டினேன். "காலங்காத்தால என்ன பேச்சு இது? பத்து மணிக்கு நானும் அவங்களும் பேசறதா இருக்குது" என்றேன். அவள் அழுதாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. துணியும் கையுமாக அப்படியே நின்றேன்.

எங்கள் பட்டுக் கடையில் வேலை பார்த்தவர்களுக்குக் குணசுந்தரி மேடத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பதினொரு வருடம் எங்கள் மேனேஜர். அவருக்கு முன்பிருந்தவர் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டால் ஒன்று திட்டு, இல்லையென்றால் சீட்டுக் கிழியும். மேடம் வந்த வாரமே அந்த அறையில் தண்ணீர் கேன்களை அடுக்கிவிட்டார்.

பட்டுப் புடவை ஒரே மடிப்பில் கிடந்தால் மடிந்த இடத்தில் இற்றுவிடும். அதனால் அலமாரியில் இருப்பதை அவ்வப்போது பிரித்து மடிப்பு மாற்றுவோம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் மேடம் யாராவது ஒருவரைக் கூப்பிடுவார். "முனை புடிப்பா." அதுதான் மீட்டிங். முதல் தடவை நான் விற்பனை விவரங்களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மூன்று புடவை வரை ஒப்பித்தேன். நான்காவதில் சரக்கு தீர்ந்துவிட்டது. "அப்புறம்?" என்றார். வேலையை விடப் போகிறேன், மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஆளில்லை என்று அப்போதுதான் வாயைத் திறந்தேன். மறுநாளிலிருந்து என் சாப்பாட்டு இடைவேளை மூன்றரை மணிக்கு மாறியது.

சாந்தியின் விற்பனை சரிந்தபோது முதலாளி அவளை அனுப்பிவிடச் சொன்னார். மேடம் அவளோடு ஏழு புடவை மடித்தார். பிறகு அவளை முகூர்த்தப் புடவைப் பிரிவிலிருந்து மாற்றிவிட்டார். அவள் கல்யாணம் நின்றுபோயிருந்தது. நாள் முழுக்க மணப்பெண்கள் தோளில் புடவை போட்டுக் காட்ட அவளால் முடியவில்லை. இதைச் சாந்தியே பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மேடம் யாரிடமும் மூச்சு விடவில்லை.

நான் துணை மேனேஜர் ஆனதும் பத்துக் கேள்விகளை அச்சடித்து, ஒரே மதியத்தில் எட்டுப் பேரிடம் பேசி முடித்தேன். பெருமையாகக் காட்டவும் செய்தேன். மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். "என்னப்பா, ரேஷன் கடை வரிசையா? கைக்கு வேலை குடு, வாய் தன்னால பேசும். நீ காதை மட்டும் குடு."

அந்தக் காதைத்தான் நான் கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மாம்பழ நிறப் புடவையோடு என் முன்னால் வந்து நின்றார். "பாஸ்கரு, முனை புடிப்பா. இன்னைக்கு நான் பேசணும்." வேலூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வேனில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். "நாளைக்குப் பத்து மணிக்கு வெச்சுக்கலாமா மேடம்?" என்றேன். "சரிப்பா, அவங்களப் பாரு" என்று புடவையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். முகம் வெளுத்திருந்ததை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அப்போது நான் வேனைப் பார்த்தேன்.

பிள்ளையார்பாளையத்தில் மேடம் வீட்டுக்குப் போனபோது அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பத்து நாளா நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தாங்கண்ணா. முகூர்த்த சீசன்ல திடீர்னு லீவு போட்டா பாஸ்கர் தடுமாறுவான், அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு டாக்டரப் பாக்கறேன்னாங்க." பதினொரு வருடம் எங்கள் எல்லோரிடமும் "அப்புறம்?" என்று கேட்டவரிடம், எங்களில் ஒருவர்கூட ஒருமுறையாவது அதைத் திருப்பிக் கேட்டதில்லை.

துக்கத்துக்கு மூடியிருந்த கடை திறந்த அன்று அந்தப் புடவை மேசைமேலேயே இருந்தது. சாந்தி எடுத்து ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். இரண்டு மடிப்பு மடித்தோம். மூன்றாவதில் அவள் கேட்டாள்: "அப்புறம்ணா?"

அவ்வளவு பேர் நடுவில் நான் உடைந்து அழுதேன். மேடத்திடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு கேள்விதான். அதோடு, நான் அவரிடம் சொன்ன அந்த "நாளைக்கு."