மாடி வகுப்பை விட்டுப் போனவர்கள்

சமூகவியல் இரண்டாம் ஆண்டில் அவளை எல்லோரும் ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிட்டார்கள். வாய் திறக்கமாட்டாள், கண் மட்டும் ஓயாது. "செருப்புக் கடைக்குக் கூட்டிட்டுப் போனா, வாங்காமப் போறவங்களையே பாத்துட்டு நிப்பா" என்று அக்கா கேலி செய்வாள். ஆயத்த ஆடை ஆலையில் தைத்து அவளைப் படிக்க வைப்பது அந்த அக்காதான்.

ஆலையில் சேரும் பெண்கள் ஏன் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்காமல் நின்றுவிடுகிறார்கள்? இறுதியாண்டு ஆய்வு இதுதான் என்று மனத்துக்குள் முடிவு கட்டியிருந்தாள். அதற்குப் புள்ளியியல் வேண்டும். கல்லூரியில் இரண்டு வகுப்புகள் இருந்தன. கீழே கணினி அறையில் விவரங்களைப் போட்டால் விடை வந்துவிடும். மாடியில், கணக்குத் துறையில், அந்த விடை எப்படி வந்தது என்று பிரித்து மேய்வார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றில் பெயர் கொடுக்க வேண்டும். பிறகு மாற முடியாது. பள்ளியில் கணக்கில் ஒருமுறை கோட்டை விட்டவள். இன்னொரு முறை தோற்றால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது?

"கீழேயே போடி" என்றாள் கேன்டீனில் தோழி. "மாடியில போன வருஷம் பாதிப்பேர் ஓடிட்டாங்க."

"ஏன்?"

"கணக்கு கஷ்டம். வேற என்ன?"

"ஓடினவங்க சொன்னாங்களா?"

"எல்லாரும் சொல்றாங்க."

அந்த எல்லோரும் கீழே படித்தவர்கள். ஓடிப்போனவர்களை ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, ஓடிப்போனவர்களில் மூன்று பேரைத் தேடிப் பிடித்தாள்.

"கணக்கு பரவால்லம்மா" என்றார் சைக்கிள் நிறுத்தத்தில் ஒரு சீனியர் அண்ணன். "வகுப்பு முடியறதுக்குள்ள எங்க பக்கத்து பஸ் போயிடும். ரெண்டு மாசம் நடந்தேன், செருப்புதான் தேஞ்சுது."

நூலகத்தில் பிடித்த சீனியர் பெண்ணும் பஸ்ஸைத்தான் திட்டினாள். மூன்றாமவள் மட்டும், "எனக்கு மண்டையில ஏறலடி, ஆள விடு" என்றாள்.

வெள்ளிக்கிழமை கணினி அறை ஆசிரியரிடம், ஒரு விஷயம் தெரிய எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்றாள்.

"முப்பதுன்னு வெச்சுக்கோ."

"ஏன் முப்பது, மேடம்?"

"வழக்கமா அப்படித்தான்மா."

மாடியேறினாள். பேராசிரியர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சார், இந்த வகுப்பை விட்டவங்களுக்குக் கணக்கு காரணமில்ல போலிருக்கு. பஸ்தான்."

"யார் சொன்னா?"

"விட்டவங்களே. மூணு பேர்ல ரெண்டு பேர்."

அவர் திரும்பிப் பார்த்தார். "மூணு பேரை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

"எத்தனை பேர் போதும், சார்?"

"உனக்கு எவ்வளவு தப்பு ஆனாப் பரவால்ல?"

தப்புக்கும் அளவு உண்டா? தப்பென்றால் தப்புதானே என்று இத்தனை நாளும் நடுங்கியிருந்தாள்.

"அதை அளக்க முடியுமா, சார்?"

"அதைத்தான் இங்க இந்த வருஷம் பூரா செய்யப்போறோம்."

அங்கேயே பேர் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ஊரையே விசாரிச்சியே, உன் பஸ் என்ன ஆகும்?" என்றாள் அக்கா, அன்றிரவு வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

அதை மட்டும் அவள் யோசிக்கவேயில்லை.

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்க ஆலை வேன் உன் வகுப்பு முடிஞ்சப்புறம் உங்க காலேஜ் வழியாத்தான் வருது, ஏறிக்கோ. ஏன் வேலைய விடறாங்கன்னு வேன்ல இருக்கறவளுங்களக் கேட்டுக்கிட்டே வா."

"அவங்க விடாதவங்கக்கா" என்றாள் ஊமைக்கோட்டான். "விட்டவங்க வீடு எங்கன்னு கேக்கறேன்."