வராது என்று சொல்லாதவள்

என் வீட்டுக்காரிக்கு எங்கள் தெருவில் வைத்திருக்கும் பெயர் ‘தெரியாதம்மா’. ஊருக்குப் பின்னால் இருக்கும் குன்றின் மேல் நிலநடுக்கத்தைப் பதிவு செய்யும் நிலையம் ஒன்று உண்டு. அங்கே பதினாறு வருடமாக அவளுக்கு வேலை. கருவி கீறிய கோட்டைப் பார்த்தே எது லாரி, எது காவலாளி கதவை அடித்துச் சாத்தியது, எது நிஜமாகவே பூமி அசைந்தது என்று பிரித்துச் சொல்லிவிடுவாள். ஆனால் பால் வாங்கப் போன இடத்தில் யாராவது, “அடுத்தது எப்பம்மா வரும்?” என்று கேட்டால், “தெரியாது” என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. தெரியாது என்று சொல்லச் சம்பளம் கொடுத்து ஒரு ஆளா என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். ஒரு திங்கட்கிழமை ஒருவன் ஒரு தாளைக் கொண்டுவந்து முந்நூறு நகல் கேட்டான். ‘வியாழன் காலை பதினோரு மணிக்குப் பெரும் நிலநடுக்கம். விஞ்ஞானிகள் எச்சரிக்கை.’ எந்த விஞ்ஞானி, எந்த ஊர் என்று ஒன்றும் இல்லை. படித்துச் சிரித்துக்கொண்டேதான் அடித்துக் கொடுத்தேன். சாயங்காலமே அதில் ஒரு தாள் என் தங்கையின் கையில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

தங்கையின் மகளுக்கு ஆறு வயது. இதயத்தில் ஓட்டை. எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த ஆபரேஷன் தேதி அதே வியாழன், காலை பத்து மணி, ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில். இனியும் தள்ளிப்போட்டால் குழந்தை தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தங்கை வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறவர், அப்போது நடுக்கடலில் இருந்தார். முடிவெடுக்க வேண்டியவள் இவள் ஒருத்திதான்.

“அண்ணி, நெஞ்சைத் திறந்து வச்சிருக்கும்போது கட்டடம் ஆடினா என்ன பண்றது? வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுடறேன். இல்லன்னா தேதியே வேணாம்னு சொல்லிடுவேன்.”

“இதை எழுதினவனுக்கு ஒண்ணும் தெரியாது. நாளும் மணியும் குறிச்சுச் சொல்ல எந்த விஞ்ஞானியாலயும் முடியாது.”

“அப்ப வராதுதானே?”

“அதையும் சொல்ல முடியாதும்மா.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணமே பண்றாங்க. நீ ஒண்ணே ஒண்ணு சொன்னா நாக்கு தேஞ்சா போயிடும்?”

“அப்ப எனக்கும் இவனுக்கும் என்னங்க வித்தியாசம்? இவன் தெரியாம வரும்ங்கிறான், நான் தெரியாம வராதுங்கிறேன்.” பிறகு தங்கையின் பக்கம் திரும்பினாள். “இந்த மண்ணு என்னைக்காவது ஆடத்தான் போகுது. நாளைக்கே இருக்கலாம், பத்து வருஷமும் ஆகலாம். வியாழக்கிழமைக்குன்னு தனியா ஒண்ணும் கிடையாது. ஆனா குழந்தை நெஞ்சைப் பத்தி டாக்டருக்குத் தெரியும். தெரிஞ்சதை நம்பும்மா.”

தங்கை எழுந்துவிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டே அழுதாள். “உங்க பொண்ணா இருந்தா அனுப்புவீங்களா அண்ணி?”

என் மனைவி அவள் பின்னாலேயே வாசல்வரை வந்தாள். “வியாழக்கிழமை லீவு போடறேன். நாலாவது மாடியில உன்கூடவே உட்கார்றேன். இவரும் வருவாரு. எங்க பொண்ணையும் ஸ்கூலுக்கு அனுப்பாம கூட்டிட்டு வர்றேன்” என்றாள். தங்கை செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே வந்தாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள்.

எனக்கு ஒரே நிம்மதி. பெற்ற மகளையே கூட்டி வருகிறாள் என்றால் இவளுக்கு ஏதோ உள்விஷயம் தெரிந்திருக்கிறது, ஆபீஸ் கட்டுப்பாட்டுக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை என்று நினைத்தேன். சரியான கள்ளி என்று மனசுக்குள் செல்லமாகத் திட்டவும் செய்தேன்.

வியாழனன்று பாதி ஊர் மைதானத்தில் நின்றது. நாங்கள் நாலு பேரும் ஆபரேஷன் அறைக்கு வெளியே இரும்பு நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பத்து மணிக்குக் குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். எங்கள் மகள் அம்மா தோளில் சாய்ந்து கதைப்புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். பதினொன்று ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு ஊழியர் ஆக்சிஜன் சிலிண்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். தரை லேசாக அதிர்ந்தது. என் மனைவி சட்டென்று மகளை இழுத்துத் தன் உடம்பால் மூடிக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. காதருகே குனிந்து கேட்டேன். “என்ன நடிப்பு இது? வராதுன்னு உனக்குத் தெரியும்தானே?”

“தெரியாதுங்க.”

கையைப் பிடித்துப் பார்த்தேன். சில்லிட்டு, உள்ளங்கை முழுக்க வியர்வை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் தெரியாமல்தான் மகளைக் கூட்டி வந்திருக்கிறாள். அவள்மேல் எனக்கு வந்த பாசத்தை என்னவென்று சொல்வது. முந்நூறு தாள் அடித்துக் கொடுத்த என் கையை ஒடித்துப் போடலாம் போலிருந்தது.

பதினொன்று வந்தது, போனது. பன்னிரண்டும் போனது. ஒன்றேகாலுக்குக் கதவு திறந்து டாக்டர் வந்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள், “நல்லா இருக்காளாம் அண்ணி” என்று தங்கை அழுதுகொண்டே கதவுக் கண்ணாடி வழியாகப் பார்க்க ஓடினாள். எங்கள் மகளும் பின்னாலேயே ஓடினாள். என் மனைவி எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“நீங்க போய்ப் பாருங்க. எனக்குக் காலு நிக்க மாட்டேங்குது.”

நான் போகவில்லை. அவளாக எழுந்திருக்கும்வரை கையை விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.