பாதிதான் போட்டிருக்கான்

தொலைக்காட்சியில் வந்த அந்த வார்த்தைகளைச் சொன்னவன் நான்தான். யாரும் திரிக்கவில்லை. பட்டப்பகலில், முழு அறிவோடு, என் வாயால் சொன்னேன். பிறகு, நான் சொல்லவில்லை என்று தோட்டமே நம்பும்படி விட்டுவிட்டேன். அதனால் ஒரு நல்ல பையனின் பெயரும் பிழைப்பும் போயிற்று.

இதை வாசிக்கிற உங்களுக்கு என் பெயர் தெரியாது. தோட்டத்தின் பெயரையும் நான் எழுதவில்லை. மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். இதுவும் கோழைத்தனம்தான்... தெரிந்தே செய்கிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்புவரை படித்தவன். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் இருபத்தெட்டு வருடமாக வேலை. எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு நான்தான் தலைவர். வெள்ளிக்கிழமைகளில் ஐயர் வராவிட்டால் பூசையும் நானே. அம்மனுக்கு விளக்கேற்றாமல் நான் ஒரு வாய்த் தேத்தண்ணீரும் குடித்ததில்லை. பக்தியுள்ளவன் என்று என்னைச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்!

எங்கள் லயத்தில், ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக இருக்கும் ஒற்றை அறை வீடுகளில், எனக்கு அடுத்த காம்பிரா இராஜேஸ்வரியுடையது. புருஷன் இல்லை. கொழுந்து பறித்தே மகளைப் படிக்க வைத்தாள். அந்த மகள் தர்ஷினி உயர்தரப் பரீட்சை எழுதி, பொறியியல் படிக்கக் கம்பஸுக்குத் தெரிவானாள். எங்கள் தோட்டத்திலிருந்து அப்படிப் போகிற முதல் பிள்ளை.

எங்கள் மாவட்டம் பின்தங்கிய மாவட்டம் என்று கணக்கு. அதனால் கொழும்புப் பிள்ளைக்கு வேண்டிய வெட்டுப்புள்ளியைவிட எங்கள் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஒதுக்கீட்டில்தான் அவளுக்கு இடம் கிடைத்தது. அதே ஒதுக்கீடு இருந்தும், இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மகனுக்குக் கிடைக்கவில்லை. மயிரிழையில் தவறிப்போனது. இன்று அவன் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நாள் முழுதும் நின்றுகொண்டு துணி விரித்துப் போடுகிறான்.

தர்ஷினியின் கடிதம் வந்த அன்று நான் கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். நெற்றியில் திருநீறு பூசி விட்டேன். உள்ளே எரிந்தது. ஏன் எரிந்தது? அவள் என்னை ‘மாமா’ என்று கூப்பிட்டு வளர்ந்த பிள்ளையல்லவா? என் மகனின் பழைய புத்தகங்களில் படித்தவளல்லவா? கேட்டுக்கொண்டேன். எரிச்சல் நிற்கவில்லை...

அந்த மாதம்தான் நஸீர் வந்தார். கொட்டகலை பசாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவின் மகன். கொழும்புத் தொலைக்காட்சி ஒன்றுக்கு இங்கிருந்து செய்தி எடுத்து அனுப்புகிறவர். மண்சரிவு, பாலம், பள்ளிக்கூடத்துக் கூரை என்று எங்கள் குறைகளை வெளியே கொண்டுபோனது அவர் கேமராதான்.

“தலைவரே, ஒதுக்கீடு வேணுமா வேணாமான்னு கொழும்புல ஒரு நிகழ்ச்சி செய்றாங்க. அங்க இருக்கிறவங்களே பேசிக்கிட்டிருந்தா எப்படி? நம்ம ஆளுங்க பேசணும்னு சண்டை போட்டு வாங்கிட்டு வந்திருக்கேன்” என்றார்.

இராஜேஸ்வரி பேசினாள். பள்ளிக்கூடத்து மாஸ்டர் பேசினார். இன்னும் மூன்று பேர். எல்லோரும் ஒதுக்கீடு வேண்டும் என்றார்கள். கடைசியாக, கோயில் வாசலில் என்னை நிறுத்தினார்.

நான் சொன்னேன்: “நம்ம புள்ளைங்களுக்குக் கொறஞ்ச புள்ளிக்கு எடம் குடுத்துக் குடுத்துச் சோம்பேறியாக்கிட்டாங்க. இந்த ஒதுக்கீட்ட நிப்பாட்டணும்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம்! இன்னும் ஒன்று சொன்னேன். “பக்கத்துக் காம்பிராவுல இராஜேஸ்வரி மக ஒண்ணு போகுது. கொழும்புல எழுதியிருந்தா அதோட பேரே வந்திருக்காது. மூளையில கெடச்ச எடமில்ல தம்பி அது. லயத்துல பொறந்ததுக்குக் கெடச்ச எடம்.”

நஸீர் கேமராவைக் கீழே இறக்கினார். “தலைவரே... நெசமாவா சொல்றீங்க?”

“நெசமாத்தான். போடுங்க” என்றேன்.

ஒதுக்கீட்டைப் பற்றி எனக்கு அப்படியொரு கருத்து இருந்ததா? இல்லவே இல்லை. என் மகனுக்குக் கிடைத்திருந்தால் அது உரிமை என்று மேடை ஏறிப் பேசியிருப்பேன். அன்று பேசியது கருத்து அல்ல, பொறாமை. அதற்கு நான் அரசியல் சட்டை போட்டுவிட்டேன்.

நிகழ்ச்சி வந்த அன்று வீட்டில் பார்த்தேன். திரையில் இராஜேஸ்வரி வரவில்லை. மாஸ்டர் வரவில்லை. ஐந்து பேரையும் கொழும்பு போடவில்லை. ஒழுகுகிற லயத்துக் கூரை, அழுக்குப் பிள்ளைகள், சோகமான சங்கீதம்... அதன் நடுவே என் முகம். கீழே பெரிய எழுத்தில், ‘தோட்டத்து மக்களே வேண்டாம் என்கிறார்கள்’. மூன்று முறை காட்டினார்கள்.

நான் அந்த இரண்டாவது பேச்சுக்காகக் காத்திருந்தேன். அது வரவே இல்லை. நஸீர் அனுப்பும்போதே அதை வெட்டி எடுத்திருக்கிறார் என்று புரிந்தது. அந்தப் பிள்ளையின் மானத்தையும் என் மானத்தையும் அவர் கை காப்பாற்றியிருந்தது.

அரை மணி நேரத்தில் வாசலில் கூட்டம். எல்லார் போனிலும் என் முகம்.

“தலைவரே, நீங்களா இப்படிச் சொன்னீங்க?” என்று லோகன் கத்தினான். தோட்டத்து இளைஞர்களில் வாய் நீளமானவன்.

நான் வாயைத் திறக்குமுன் இராஜேஸ்வரி முன்னால் வந்தாள். “ஏன்டா அவரப் போய்க் கேக்குற? அண்ணன் அப்படிப் பேசுவாரா? நாங்க அஞ்சு பேரு பேசுனோமே, ஒருத்தரையாவது காட்டுனானா? நம்மள என்னிக்கி இவனுங்க ஒழுங்கா காட்டியிருக்கானுங்க? அண்ணன் பேச்சையும் வெட்டி ஒட்டியிருப்பானுங்க!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஆமா...” என்றேன். “நான் நெறைய பேசுனேன். பாதிதான் போட்டிருக்கான்.”

யோசித்துப் பாருங்கள்... அது பொய்கூட இல்லை! அவர்கள் போட்டது பாதிதான். எங்களை அந்தத் தொலைக்காட்சி ஒருதலையாகக் காட்டியதும் உண்மை. அவ்வளவு உண்மைகளுக்கு நடுவே என் பொய் போய் உட்கார்ந்துகொண்டது. யார் கண்ணுக்கும் படவில்லை.

வெள்ளிக்கிழமை பூசைக்கு நஸீர் தானாகவே வந்தார். விளக்கம் சொல்லலாம் என்று நம்பி வந்திருக்கிறார், பாவம்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். சண்டை தீராவிட்டால் அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றுவார்கள். குற்றம் சாட்டப்பட்டவன் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் அவன் சொல்வது உண்மை. அதற்கு மேல் பேச்சே கிடையாது. பொய்ச் சத்தியத்தை அம்மன் பொறுக்க மாட்டாள் என்று நாங்கள் நம்புகிறோம். நானும் நம்புகிறேன்.

“உன் கையில இருக்கிறது கேமராவா, கத்திரிக்கோலாடா?” என்றான் லோகன். கூட்டம் சிரித்தது. “தலைவர் பேச்ச நீ வெட்டலன்னா கற்பூரத்த அணைச்சுச் சொல்லு பார்ப்போம்!”

தட்டு என் கையில் இருந்தது. கற்பூரம் ஏற்றியவனும் நானே.

நஸீர் நெருப்பைப் பார்த்தார். “எங்க மார்க்கத்துல இப்படிச் சத்தியம் பண்ண முடியாதுங்க. உங்க சாமிய மதிக்காம சொல்லல. என்னால முடியாது.”

“அப்ப வெட்டியிருக்க!”

“தலைவர் முன்னுக்குத்தானே நிக்கிறாரு. அவரையே கேளுங்க” என்றார்.

அவர் மார்க்கம் அவரைத் தடுத்தது, சரி. அது தடுக்காவிட்டாலும் ‘நான் எதையும் வெட்டவில்லை’ என்று அவரால் சொல்ல முடிந்திருக்காது. வெட்டியது எதை என்று அந்தக் கோயிலில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இராஜேஸ்வரி அங்கேதான் நின்றாள். தர்ஷினி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

என்னை யாரும் சத்தியம் செய்யச் சொல்லவில்லை. தட்டு ஏந்துகிறவனை யார் கேட்பார்கள்?

நான் சொன்னேன்: “சாமி முன்னுக்குச் சண்ட வேணாம். தம்பிய விட்டுருங்க.”

என்ன பெருந்தன்மை என்று ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். நஸீர் செருப்பை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். ஒரு முஸ்லிம் பையனிடம் அம்மன் சத்தியம் கேட்பது நியாயமா என்று அங்கே எவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது... தட்டைக் கீழே வைக்கவில்லை.

பிறகு அந்தத் தொலைக்காட்சிக்கு ஒரு மனு போனது. முதல் கையெழுத்து என்னுடையது. கொழும்பில் தலைப்புப் போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நஸீரை நிறுத்திவிட்டார்கள். அவர் அப்பாவின் கடைக்கும் எங்கள் ஆட்கள் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். என்னைத் தொழிற்சங்கத்துக்காரர்கள் மேடையில் ஏற்றினார்கள். ஊடகங்களின் ஓரவஞ்சனையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசினேன். ஒதுக்கீடு எங்கள் உரிமை என்றும் பேசினேன். மாலை போட்டார்கள்!

போன வாரம் தர்ஷினி கம்பஸிலிருந்து பேசினாள்.

“மாமா, இங்க சில பேரு என்னைய ‘கோட்டா’ன்னுதான் கூப்பிடுறாங்க. அந்த வீடியோவ வேற காட்டுறாங்க. உங்க தோட்டத்து ஆளே சொல்லியிருக்காருன்னு. நாங்க ஒரு கூட்டம் வைக்கிறோம். நீங்க போன்ல வீடியோவுல வந்து, ஒங்க பேச்ச எப்படி வெட்டுனாங்கன்னு சொன்னா போதும். சொல்லுவீங்கதானே?”

என்னால் அன்றிரவு சாப்பிட முடியவில்லை. மறுநாள் பஸ் ஏறிக் கொட்டகலைக்குப் போனேன்.

நஸீர் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அதுவே என்னால் தாங்கமுடியாததாக இருந்தது.

“தம்பி, நான் உண்மையச் சொல்லிடுறேன். எல்லாருக்கும் முன்னுக்கு.”

“என்னத்தச் சொல்லப்போறீங்க?”

“நான் பேசுனது நெசம்னு.”

“அப்ப நான் வெட்டுனது என்னன்னு கேப்பாங்களே? முழு வீடியோவும் எங்கிட்ட இருக்கு தலைவரே. அன்னிக்கே காட்டியிருந்தா எம்பொழப்பு போயிருக்காது. என் வாப்பாவும் அதத்தான் கேக்குறாரு, ஏன்டா காட்டல்லன்னு.” பருப்புப் பொட்டலத்தை நூலால் கட்டினார். “அந்தப் புள்ளைய அங்க ஏற்கெனவே கிண்டல் பண்றாங்களாம். பக்கத்து வீட்டு மாமா வாயிலயிருந்தே இதயும் கேட்டா எப்படிப் படிக்கும்? மொதல்ல படிச்சு முடிக்கட்டும். நாலு வருஷந்தானே.”

நான் போக எழுந்தேன்.

“உங்களுக்காக இல்ல. அதயும் சொல்லிடுறேன்” என்றார்.

அப்போது என் மனதில் என்ன வந்தது தெரியுமா? வெட்கமல்ல, அழுகையுமல்ல. அப்பாடா என்று ஒரு நிம்மதி! அவரே வேண்டாம் என்றுவிட்டாரே, இனி நான் என்ன செய்ய என்று... நான் செய்த எல்லாவற்றிலும் அந்த நிம்மதியைத்தான் இன்றுவரை அம்மனிடம் சொல்லி அழ முடியவில்லை. சொன்னால் நஸீரின் பெயர் மீளும், பிள்ளை உடைவாள். சொல்லாவிட்டால் பிள்ளை படிப்பாள், அவர் நான்கு வருடமும் பருப்பு நிறுப்பார். இரண்டு பக்கமும் நானே அடைத்த வழி.

அல்லது, பிள்ளைக்காக என்று இப்போது சொல்வதும் என்னைக் காத்துக்கொள்ளத்தானா? எனக்கே தெரியவில்லை. நீங்களாவது சொல்லுங்கள்... வேண்டாம், சொல்லாதீர்கள்.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே போன் அடித்தது.

“மாமா, சனிக்கிழமை பத்து மணிக்கு. வர்றீங்கதானே?”

“வர்றேம்மா” என்றேன்.

சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. என்ன பேசுவேன் என்கிறீர்களா? நன்றாகப் பேசுவேன். மேடையில் பேசிப் பேசி எனக்குப் பழகிவிட்டது. அந்தப் பிள்ளைகள் எல்லோரும் நம்புவார்கள்.